கலரக்காவும் கிடைக்காத கார்டும்

கலரக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. வங்கிக்காரர்கள் மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவளும் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் எழுந்து போவாள். மற்றபடி கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் முதல் காய்கறிக் கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவள் கலரக்காதான். எடுத்த படத்துக்கு நிறம் சரிசெய்து கொடுப்பது அவள் தொழில். வெயிலில் எடுத்த முகமும் விளக்கடியில் எடுத்த முகமும் ஒரே ஆளின் முகமாகத் தெரிய வேண்டுமானால், இடையில் யாரோ ஒருத்தி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பார்ப்பவர்களுக்கு அந்த ஒருத்தி இருப்பதே தெரியாது. தெரிந்துவிட்டால் வேலை சரியில்லை என்று அர்த்தம். நன்றாகச் செய்தால் பெயர் வராத பாழாய்ப்போன தொழில் அது.

ஆனாலும் அவளுக்குப் பெயர் வந்திருந்தது. முகம் என்றால் கலரக்கா. மணப்பெண்ணைக் கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடுங்கள் என்று கேட்டு வந்த மாப்பிள்ளை வீட்டாரை, "வெள்ளையடிக்கணும்னா சுவருக்கு அடிக்கிற ஆளைக் கூப்பிடுங்க" என்று வாசலோடு திருப்பி அனுப்பியவள். அந்த வாய்க்காகவே அவளைத் தேடி வந்தவர்களும் உண்டு.

அந்தப் பெயரைக் கேட்டுத்தான் ஒரு நாள் காலை இயக்குநர்ப் பெண் வந்து நின்றாள். வயது குறைவு, பேச்சு அதைவிடக் குறைவு. முதல் சினிமாவை எடுத்து முடித்திருந்தாள். தோள் பையிலிருந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்து, குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி மேசைமேல் வைத்தாள்.

"அக்கா, எங்க அக்கா கல்யாண வீடியோவுக்குக் கலர் பண்ணது நீங்கதான். உங்களுக்கு ஞாபகம் இருக்காது, ரொம்ப வருஷம் ஆச்சு. எங்கம்மா இப்ப இல்ல. போட்டோவுல எல்லாம் யாரோ மாதிரி இருக்காங்க. அந்த வீடியோவுல மட்டும்தான் எங்கம்மாவா இருக்காங்க. என் படம் முழுக்க ஒரு வயசான அம்மாவோட முகம்தான்க்கா. நீங்க பண்ணாத்தான் சரியா வரும்."

கல்யாணம், பிறந்தநாள், கடைத்திறப்பு, சோப்பு விளம்பரம் என்று பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு, பெரிய திரையில் ஓடுகிற படம் ஒன்றுக்காவது கை வைத்துவிட வேண்டும் என்பது வெளியே சொல்லாத ஆசை. அவள் முடியாது என்பாளா? "வச்சிட்டுப் போம்மா, பண்ணிடலாம்" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண் தெருமுனை திரும்பிய பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. இந்தப் படத்தைச் சரியாகச் செய்து கொடுக்க அவளிடம் மனசு இருந்தது, கை இருந்தது, அனுபவம் இருந்தது. கார்டுதான் இல்லை.

கார்டு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கணினிப் பெட்டிக்குள் படத்தைத் திரைக்கு அனுப்புகிற அட்டை ஒன்று இருக்கும். கிராபிக்ஸ் கார்டு என்பார்கள். ஊரில் எல்லோரும் வைத்திருக்கிற சாதாரணப் பெட்டிக்கு அது கடையின் சுவர் முழுக்கத் தொங்கும். பழையது போதவில்லையா, போனோமா, வாங்கினோமா, சொருகினோமா என்று மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்துவிடும். கலரக்காவிடம் இருந்ததோ ஊரோடு ஒட்டாத பெட்டி. நூறு பேரில் நாலைந்து பேர் வாங்குகிற இனம். மேலே கைப்பிடி வைத்த, வெள்ளி நிறத்தில், தூக்கினால் இடுப்பைப் பிடிக்கிற கனத்தில் ஒரு பெட்டி. விளம்பரக் கம்பெனி ஒன்று மூடியபோது வாங்கியது. அவள் கைக்குப் பழகிய கலர் மென்பொருள் அதில் மட்டும்தான் ஓடும். பின்னறையின் நாலு சுவருக்கும் சாம்பல் நிறம் பூசி, ஜன்னலுக்குக் கனமான திரை போட்டு, மேசைக்கடியில் அதைக் குடிவைத்திருந்தாள். சுவரில் நிறம் இருந்தால் கண்ணை ஏமாற்றும் என்பதால் சாம்பல். அவள் வீட்டுக்காரர் அந்த அறைக்குள் நுழையும்போதெல்லாம் துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். அவருக்கு அது சலிக்காத ஜோக்.

அந்தப் பெட்டிக்கு எந்தக் கார்டும் சேராது. சேர வேண்டுமானால் பெட்டியின் பாஷை கார்டுக்குள் எழுதப்பட்டிருக்க வேண்டும். பெட்டிக்காரக் கம்பெனி விற்ற கார்டு எப்போதோ நின்றுபோனது. வேறு கம்பெனி இந்தப் பெட்டிக்கென்றே கொஞ்சம் செய்தது. வைத்திருப்பவர்கள் உயிரே போனாலும் விற்கமாட்டார்கள். புதிய கார்டுகளில் ஒன்றிரண்டு சேரும்தான், ஆனால் அதற்குப் பெட்டியின் மொத்த மென்பொருளையும் புதிதாக மாற்ற வேண்டும். மாற்றினால் அக்காவின் கலர் மென்பொருள் ஓடாது. அதையும் மீறி ஒன்று சேர்கிறதே என்று பார்த்தால், அது கேட்கிற மின்சாரத்தைக் கொடுக்கிற வயர் பெட்டிக்குள் இல்லை. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைகிற கதை.

"நம்ம பொண்ணுக்கு மாப்பிள்ளை தேடினப்போகூட இவ்வளவு குறை சொல்லல நீ" என்பார் வீட்டுக்காரர். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். காலை நடை முடிந்து வந்தால் மாலை நடை வரை அவருக்குப் பொழுதுபோக்கு இவளைச் சீண்டுவதுதான்.

"மாப்பிள்ளை சரியில்லன்னா பேசித் திருத்திக்கலாம். கார்டு கிட்ட யாரு பேசறது?" என்பாள் இவள்.

இவ்வளவு அலைச்சலுக்கும் சினிமா மட்டும் காரணமில்லை. அதற்கு முன்பே ஒரு வருஷத்துக்கும் மேலாக அவள் கார்டு தேடிக்கொண்டுதான் இருந்தாள். அது தொடங்கியது ஒரு மணப்பெண்ணின் அப்பா போன் செய்தபோது. "தப்பா எடுத்துக்காதீங்க, பொண்ணு முகம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கு, எல்லாருக்குமே கொஞ்சம் நீலம் அடிக்குது" என்றார் மனுஷர். அக்கா போனை வைத்துவிட்டு, "காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சொல்வாங்க. இவரு போன்ல கண்டதெல்லாம் நீலம்" என்று பொரிந்து தள்ளினாள். ஆனாலும் தொழில்காரி அல்லவா, மனசு கேட்கவில்லை. அந்தப் படத்தைத் திறந்து பார்த்தாள். நீலமாவது ஒன்றாவது, அவளுக்கு இன்னும் கொஞ்சம் மஞ்சளாகத்தான் தெரிந்தது. நிறத்தை அளந்து காட்டுகிற வரைகோடு திரையின் ஓரத்தில் ஓடும். அதுவோ நீலப் பக்கம் சாய்ந்து நின்றது. கண் ஒன்று சொல்கிறது, கோடு ஒன்று சொல்கிறது. கோடும் அந்தக் கார்டு வழியாகத்தானே வருகிறது, கார்டுதான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினாள்.

வெள்ளிப் பெட்டிக்காரர்களைத் தவிர வேறு யாரும் இப்படி முடிவு கட்டமாட்டார்கள். அவர்களுக்குத் தலைவலி வந்தால்கூடக் கார்டுதான் காரணம். பெட்டி சத்தம் போட்டால் கார்டு, மெதுவாக ஓடினால் கார்டு, மழை பெய்து மின்சாரம் போனால்கூட முதல் சந்தேகம் கார்டின் மேல்தான். மாற்ற முடியாத பொருளைத்தான் மனிதன் அதிகம் திட்டுவான். ஊரில் அந்தப் பெட்டி வைத்திருந்த இன்னொருவர் மேப் அண்ணன். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டில் உட்கார்ந்து தனியாருக்கு வரைபடம் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டாள்.

"கார்டுதான் தங்கச்சி. சந்தேகமே வேண்டாம்" என்றார் அவர், நோயாளியைப் பார்க்காமலே மருந்து எழுதுகிற டாக்டர் போல.

அவள் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவில்லை. திரை கெட்டிருக்குமோ என்று வேறு திரையை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தாள். அதிலும் மஞ்சள். அப்படியானால் திரை இல்லை, கார்டு என்பது உறுதியானது. மகள் வீட்டுக்குப் போனபோது அங்கிருந்த சாதாரணப் பெட்டியில் அதே படத்தைப் போட்டுப் பார்த்தாள். அங்கேயும் மஞ்சள். "சாதாரணப் பெட்டி எப்பவுமே மஞ்சள்தான் காட்டும். அதுக்குத்தானே நான் இதை வாங்கினேன்" என்று மகளுக்கு விளக்கம் வேறு சொல்லிவிட்டு வந்தாள். மாப்பிள்ளைப் பையன் கணினிக் கம்பெனியில் வேலை பார்ப்பவன். ஏதோ சொல்ல வாயெடுத்தான். மாமியாரின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். பிழைக்கத் தெரிந்த பையன்.

கலர் விஷயத்தில் அவளை மறுத்துப் பேசும் பழக்கம் அந்த வீட்டிலேயே கிடையாது. வெள்ளைச் சட்டை பழுப்பாக இருக்கிறது என்றால் மறுபடி துவைக்கப்படும். குழல் விளக்கு மங்கல் என்றால் மாற்றப்படும். வாடிக்கையாளர்களும் அப்படித்தான். முகம் நீலமாக இருக்கிறதே என்று நினைத்தவர்கள்கூட, கலரக்கா செய்திருக்கிறாள், இப்போது இதுதான் நாகரிகம் போலிருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டார்கள்.

கார்டு மஞ்சள் காட்டுகிறது என்று முடிவான பிறகு அவள் கண்ணை நம்பாமல் குத்துமதிப்பாக நீலத்தைக் குறைத்து வேலை செய்தாள். சில சமயம் சரியாக வந்தது, சில சமயம் ஆட்கள் செங்கல் நிறத்துக்குப் போனார்கள். கல்யாண வீடியோவுக்கு அது ஓடும். மாப்பிள்ளை பெண்ணைப் பார்ப்பானா நிறத்தைப் பார்ப்பானா? சினிமாவுக்கு ஓடாது. போதாக்குறைக்கு அந்தப் பெண் எடுத்திருந்த படம் அளவில் பெரியது. பழைய கார்டில் ஓடவிட்டால் அந்த அம்மா கையைத் தூக்குவதற்குள் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்துவிடலாம். முதல் பாகத்தில் கொஞ்ச இடத்தை மட்டும் குத்துமதிப்பாகக் கலர் செய்து காட்டிவிட்டு, இயக்குநர்ப் பெண்ணிடம் ஒவ்வொரு தடவையும், "கார்டு வரட்டும்மா" என்று சொன்னாள். அவளும் சரிக்கா சரிக்கா என்றாள். போகப் போக அந்தச் சரிக்காவில் ஒரு அக்கா குறைந்தது. வெளியீட்டுத் தேதி நெருங்குகிறது, முதல் பாகத்தையாவது இந்த வாரம் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தயாரிப்பாளர் சொல்கிற இடத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்று ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து மேப் அண்ணன் வந்தார். கையில் துணியில் சுற்றிய ஒரு பொருள். முகத்தில், கல்யாணத்துக்கு அழைக்காமல் விட்டவரைத் தெருவில் பார்த்தவனின் அசடு.

"தங்கச்சி, கோவிச்சுக்காத. நான் சாதாரணப் பெட்டி வாங்கிட்டேன்."

"நீங்களுமா அண்ணே?"

"என்ன பண்றது. மேப் மென்பொருள் இனிமே நம்ம பெட்டிக்கு வராதுன்னுட்டாங்க. பேரன் ஒரு மணி நேரத்துல எல்லாத்தையும் மாத்திக் குடுத்துட்டான். எனக்கே வெட்கமா இருக்கு." துணியைப் பிரித்தார். "இது என் கார்டு. உன் மென்பொருளுக்கும் சேரும், உன் வயருக்கும் சேரும். உள்ள எழுத்த மாத்தினது, அதனால தொடக்கத்துல திரை இருட்டாவே இருக்கும், பயந்துடாத. இது உனக்குத்தான்."

கலரக்கா அந்தக் கார்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கண் கலங்கியது. மேப் அண்ணனுக்கும் கலங்கியது. ஒரு இரும்புத் தட்டுக்காக இரண்டு பெரியவர்கள் கண் கலங்கி நிற்பதைப் பார்த்த பஸ்காரர், "நான் வேணா வெளிய போகட்டுமா?" என்று கேட்டார்.

மறுநாளே இயக்குநர்ப் பெண்ணை வரச் சொல்லிவிட்டாள். காலை நடை முடித்துவிட்டு வீட்டுக்காரரும் வந்து சேர்ந்தார். மேப் அண்ணன் பெட்டியின் பக்கவாட்டைத் திறந்து, உள்ளே சேர்ந்திருந்த தூசியை ஊதி, பழைய கார்டைக் கழற்றிவிட்டு அவருடையதைச் சொருகினார். பொத்தானை அமுக்கினாள் அக்கா. விசிறி சுற்றியது. திரை இருட்டு.

"போச்சா?" என்றார் பஸ்காரர்.

"பொறுங்க."

இருட்டாகவே இருந்தது. மற்ற பெட்டிக்காரன் என்றால் இதற்குள் வயரைப் பிடுங்கியிருப்பான். இவர்கள் அசையவில்லை. பிறகு ஒரு கணத்தில் திரை முழுக்க வெளிச்சம் வந்தது. மேப் அண்ணன் தொடையில் தட்டிக்கொண்டார். அக்கா படத்தின் முதல் பாகத்தை ஓடவிட்டாள். அந்த வயதான அம்மா வாசல்படியில் உட்கார்ந்து, மகன் போன பாதையைப் பார்க்கிற காட்சி. தடங்கலில்லாமல் ஓடியது. தலைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாக அசைந்தது.

"அடேயப்பா, என்ன தெளிவு!" என்றார் மேப் அண்ணன்.

"கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார் பஸ்காரர்.

கலரக்கா திரைக்கு அருகே குனிந்தாள். பின்னால் சாய்ந்தாள். அந்த அம்மாவின் நெற்றி, கன்னம், பின்னால் இருந்த வெள்ளைச் சுவர், எல்லாவற்றின் மேலும் அதே மஞ்சள். பழைய கார்டில் எப்படியோ அப்படியே.

"மஞ்சளா இல்ல?" என்று கேட்டாள்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்க மஞ்சள்?" என்றார் மேப் அண்ணன். இயக்குநர்ப் பெண் மெதுவாக, "நீங்க கலர் பண்ணிக் காட்டின இடம் மட்டும் கொஞ்சம் நீலமா இருக்குக்கா. மத்தபடி சரியாத்தான் இருக்கு" என்றாள்.

அக்கா எழுந்தாள். அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவிக்கொண்டு கொல்லைப்புறக் கதவைத் திறந்து வெளியே போனாள். நல்ல வெயில். தாளை வெயிலில் பிடித்தாள். வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தாள். தாள் பழைய புத்தகத்தின் பக்கம் மாதிரி இருந்தது. இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தாள். ஆறிப்போன தேநீரில் நனைத்த மாதிரி இருந்தது. மறுபடி மாற்றிப் பார்த்தாள். ஒரே தாள், ஒரே வெயில், கண்ணுக்கு ஒரு நிறம். வெயிலில் பிடித்த தாளுக்கு ஏது கார்டு?

பின்னாலேயே வந்து நின்ற வீட்டுக்காரரிடம் தாளை நீட்டினாள். "இது என்ன கலருங்க?"

"வெள்ளைதான்."

"நல்ல வெள்ளையா?"

"பாலாட்டம் இருக்கு. ஏன்?"

அவள் அப்படியே துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று இந்த மாதிரி இடத்தில் சொல்வார்கள். அது இவளுக்குப் பொருந்தாது. இவளுக்கு ஆடத் தெரியும், எவளையும்விட நன்றாகத் தெரியும். கால் மரத்துப்போனதுதான் தெரியவில்லை. பஸ்காரருக்கு வருஷா வருஷம் கண் பரிசோதனை உண்டு. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அது விதி. ஒவ்வொரு தடவையும் நீயும் வா என்று கூப்பிடுவார். "ஊருக்கே நான் கண்ணு. என் கண்ணுக்கு எவன் டெஸ்ட் பண்றது?" என்பாள். அவர் பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார்.

ஒன்று மட்டும் யோசித்துப் பார்க்க வேண்டும். அவளிடம் இருந்தது ஊரார் வைத்திருக்கிற பெட்டியாக இருந்திருந்தால், சந்தேகம் வந்த அன்றே கடைக்குப் போய் ஒரு கார்டை வாங்கி மாட்டிப் பார்த்திருப்பாள். மஞ்சள் போகாததைப் பார்த்து அந்த வாரமே கண் டாக்டரிடம் போயிருப்பாள். கார்டு கிடைக்காத பெட்டி என்பதால், கிடைக்காத கார்டின் தலையில் பழியைப் போட்டுவிட்டு இத்தனை காலம் நிம்மதியாக இருந்துவிட்டாள்.

உள்ளே இயக்குநர்ப் பெண் காத்துக்கொண்டிருந்தாள். மறைத்திருக்கலாம். இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது, நாளைக்கு வா என்று சொல்லியிருக்கலாம். வரைகோட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டு, படத்தை ஒப்பேற்றிக்கூடக் கொடுத்திருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு போய் அந்தப் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"கார்டு நல்லாத்தான் இருக்கும்மா. பழைய கார்டும் நல்லாத்தான் இருந்திருக்கு. என் கண்ணுலதான் கோளாறு. உங்கம்மா முகத்தப் பண்ணேனே, அந்தக் கண்ணு இப்ப எங்கிட்ட இல்ல. நீ படத்த எடுத்துட்டுப் போ."

அந்தப் பெண் ஹார்ட் டிஸ்க்கின் வயரைக் கழற்றினாள். பிறகு அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, "வரேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மேப் அண்ணனும் கழற்றின திருகாணிகளை ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணிப் போட்டு இறுக்கிவிட்டுக் கிளம்பினார்.

கண் டாக்டர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. சின்ன வெளிச்சத்தை அடித்துப் பார்த்துவிட்டு, "கண்புரை. ரெண்டு கண்ணுலயும் இருக்கு, வலதுல முத்திடுச்சு. உள்ள இருக்கற லென்ஸ் பழுத்துப் போச்சும்மா. எடுத்துட்டுப் புதுசு வச்சிடலாம். முதல்ல வலது, அப்புறம் இடது" என்றார், கதவுக்குத் தாழ்ப்பாள் மாற்றுகிற மாதிரி. அவளால் நம்ப முடியவில்லை. தொழிலே முடிந்தது என்று மனதுக்குள் ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்தவளுக்கு அந்தச் சாதாரணக் குரலைக் கேட்டு அழுகை வந்தது.

அடுத்த அறையில் ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் ஒரு தட்டை எடுத்து வைத்தாள். அதில் வரிசையாகக் குட்டிக் குட்டிக் கண்ணாடிச் சில்லுகள், ஒவ்வொன்றும் ஒரு பயறு அளவுக்கு.

"இது சாதாரணம். இது தூரத்துக்கு. இது கிட்டத்துக்கும் சேர்த்து. இது வளைவு சரி பண்றது. இது வெளிநாட்டுது, இது இங்க செய்யறது. எது வேணும்னாலும் எடுத்துக்கலாம்மா."

கலரக்கா தட்டைப் பார்த்தாள். சந்தேகமாக நர்ஸைப் பார்த்தாள். "இதுல எது எனக்குச் சேரும்?"

"எல்லாமே சேரும்."

"எல்லாமேவா?"

"கண்ணுதானேம்மா. பவர் மட்டும் அளந்துக்குவோம், மத்தபடி எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். எது வச்சாலும் உக்காந்துடும்."

கலரக்கா வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில், தட்டு நிறையப் பொருளை வைத்து எல்லாமே உனக்குச் சேரும் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. "உங்க பெட்டிக்கா? ம்ஹூம்" என்பதைக் கேட்டே பழகிய காது. "என்னங்க, எல்லாமே சேருமாம்" என்றாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். நர்ஸுக்குப் பயம் வந்துவிட்டது.

"சில பேரு இதைத்தான் கேப்பாங்க" என்று பேச்சை மாற்ற ஒரு சில்லை எடுத்துக் காட்டினாள். "லேசா மஞ்சள் போட்டது. வெயில் கூசாது."

"மஞ்சளா!" கலரக்கா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். "தாயே, மஞ்சள் மட்டும் வேண்டாம். ஒரு நிறமும் இல்லாததாக் குடு."

முதல் கண்ணுக்கு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் இருந்த நாட்களில் இயக்குநர்ப் பெண்ணிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. படம் வேறு கைக்குப் போயிருக்கும் என்று அக்கா மனதைத் தேற்றிக்கொண்டாள். தேற்றிக்கொண்டதாக வீட்டுக்காரரிடம் ஒரு நாளைக்குப் பல தடவை சொன்னாள். அதிலிருந்தே தேறவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. கட்டுப் பிரித்த அன்று மாலை அந்தப் பெண் போன் செய்தாள்.

"அக்கா, சவுண்டு வேலையை முன்னாடி வச்சுக்கிட்டேன். தயாரிப்பாளர்கிட்ட சண்டை போட்டேன். கண்ணு எப்படி இருக்கு?"

"சண்டை போட்டியா? நீயா?" என்றாள் அக்கா. அப்படியே போனை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டாள். அவர்தான் நாளைக் குறித்துக்கொண்டார்.

டாக்டர் வேலைக்கு உட்காரலாம் என்று அனுமதித்ததும் அவள் பின்னறைக்குப் போனாள். அந்தப் பெண் மறுபடி கொண்டுவந்து கொடுத்திருந்த படத்தைத் திறந்தாள். முன்பு அவள் குத்துமதிப்பாகக் கலர் செய்து காட்டியிருந்த வாசல்படிக் காட்சி. இடது கண்ணை மூடிக்கொண்டு, புதுக் கண்ணால் மட்டும் பார்த்தாள்.

அந்த அம்மாவின் முகம் நீலம் பாரித்திருந்தது. உதடு கத்தரிக்காய் நிறம். குளிரில் விறைத்தவளைக் கொண்டுவந்து வாசலில் உட்கார வைத்த மாதிரி இருந்தது. கலரக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க! இங்க வாங்க, சீக்கிரம் வாங்க!"

அவர் என்னவோ ஏதோவென்று செருப்போடு ஓடிவந்தார்.

"பாருங்க, எவ்வளவு கேவலமாப் பண்ணியிருக்கேன் பாருங்க!" அவள் முகமெல்லாம் சிரிப்பு. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "எனக்குத் தெரியுதுங்க! நீலம் எனக்குத் தெரியுது!"

பஸ்காரர் திரையைப் பார்த்தார். "ஆமா, நீலந்தான்."

"உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பியா?" என்றார் அவர். குரலில் கேலி இல்லை.

எத்தனை மணப்பெண்கள் இப்படி நீலம் பூத்து, ஒரு சொல்லும் சொல்லாமல் போயிருப்பார்கள் என்று கலரக்கா எண்ணிப் பார்த்தாள். பிறகு மூலையில் துணி போட்டு வைத்திருந்த இன்னொரு நாற்காலியைக் காலி செய்து, இழுத்துத் தன் பக்கத்தில் போட்டாள்.

"உக்காருங்க. இன்னொரு கண்ணு வர்ற வரைக்கும் நீங்க என் கூடவே இருக்கணும். தப்புன்னா தப்புன்னு சொல்லணும்."

அவர் துக்க வீட்டு முகத்தை வைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்தார். அவள் முன்பு செய்ததையெல்லாம் அழித்துவிட்டு, அந்த அம்மாவின் முகத்தை முதலிலிருந்து தொடங்கினாள். நிறத்தைக் கூட்டிக் குறைக்கிற உருளையை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்த்தினாள். நெற்றிக்கு உயிர் வந்தது. கன்னத்துக்கு வந்தது. இதுதான் என்று கையை எடுத்தாள்.

"தாடைக்கிட்ட இன்னும் கொஞ்சம் நீலம் இருக்கே" என்றார் பஸ்காரர்.

"அது நிழலுங்க!" வெடுக்கென்று வந்துவிட்டது.

அவர் வாயை மூடிக்கொண்டார். அவள் கையை உருளையில் வைத்தபடியே இருந்தாள். பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு மறுபடி பார்த்தாள். தாடைக்குக் கீழே, காது வரைக்கும், நீலம் இருக்கத்தான் செய்தது.

"ஆமாங்க" என்றாள் கலரக்கா.